மூன்றடி ஜல்லியும் ஒரு சாவியும்

மனித நாகரிகம் நெருப்பில் தொடங்கவில்லை, சக்கரத்திலும் தொடங்கவில்லை, பொறுமையில்தான் தொடங்கியது. அந்தப் பொறுமைக்கு இன்று உலகத்தில் மிச்சமிருக்கும் ஒரே புகலிடம் இந்த அறைதான் என்று மாதிரி ரயில் சங்கத்தின் தலைவர் எழுந்து நின்று அறிவித்தார். அறிவித்துவிட்டு உட்காரப் போனவரால் உட்கார முடியவில்லை. மேஜைமேல் ஊன்றியிருந்த இடது உள்ளங்கை, யாரோ கொட்டிவைத்திருந்த பசையில் நன்றாகப் பிடித்துக்கொண்டிருந்தது. செயலாளர் வெந்நீர் கொண்டுவர ஓடினார். தலைவர் நின்ற நிலையிலேயே இன்னும் பத்து நிமிடம் பேசினார்.

அறை ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாம் மாடியில் இருந்தது. மூன்று சுவர்களை ஒட்டி இடுப்பு உயரத்துக்கு மேஜை போட்டு, அதன்மேல் அறுபத்து நாலு அடிக்கு இருப்புப்பாதை போட்டிருந்தார்கள். இரண்டு நிலையம், ஒரு குகை, ஒரு ஏரி. கேலி செய்யும் எண்ணத்தோடு மாடியேறி வந்தவர்கள்கூட அதைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். நிலையத்தில் நின்ற பயணிகள் முந்நூறு பேரும் அரை அங்குலம்தான். அத்தனை பேருக்கும் கண் வரைந்தவர் செயலாளர். பள்ளியில் பூகோளம் நடத்துகிறவர். ஒற்றை மயிர்த் தூரிகையால் ஒரு கண் வைத்துவிட்டு, மூச்சை அடக்கி, இன்னொரு கண் வைப்பார். முந்நூறு பேரில் ஒருவருக்குக்கூட மாறுகண் கிடையாது. குகைக்கு மேலே காடு. அங்கிருந்த தொள்ளாயிரம் மரங்களையும் கம்பி முறுக்கி, பஞ்சுத் தூள் ஒட்டிச் செய்தவர் ஒரு வங்கிக் காசாளர். அவரை எல்லோரும் ‘மரம்’ என்றே கூப்பிடுவார்கள். அவருக்கு அதில் பெருமைதான். மேஜைக்கு அடியில் மல்லாந்து படுத்தபடி ஆயிரத்து இருநூறு வயர்களைப் பற்றவைத்தவர் ‘வயர்’. ஈயம் சொட்டிச் சொட்டி அவர் சட்டை மார்பில் பதினேழு ஓட்டை. புதுச் சட்டை வாங்கித் தந்தாலும் போட்டுக்கொள்ள மாட்டார்.

நான்கு பேருக்கும் ஒரே ஒரு சண்டைதான். யார் செய்த வேலை அதிக அலுப்பானது?

“சார், இலையுதிர் காலம் வேணும்னு சொன்னீங்க. நானூறு மரத்தை மொட்டையடிச்சு மறுபடி செஞ்சேன். அது அலுப்பு இல்லையா?” என்பார் மரம்.

“நீங்க உட்கார்ந்து செஞ்சீங்க. நான் படுத்துக்கிட்டு செஞ்சேன். மூஞ்சி மேல ஈயம் விழும்,” என்பார் வயர்.

தலைவர் மட்டும் கலந்துகொள்ள மாட்டார். ஓய்வுபெற்ற காப்பீட்டு அதிகாரி. எல்லா அலுப்புகளையும் மேற்பார்வையிடும் அலுப்பு தன்னுடையது என்பது அவர் கட்சி.

இந்த அறைக்கு நேர் கீழே, இரண்டாம் மாடியில், ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடம். அதில் நுண்ணோக்கி வழியாக அணுக்களை எண்ணுகிற பெண்மணி ஒருத்தி ஞாயிற்றுக்கிழமையும் அரைநாள் வேலைக்கு வருவாள். வயது நாற்பத்தாறு. மேலே ரயில் ஓடினால் கீழே அவளுடைய கண்ணாடித் தகடு நடுங்கும். இருநூற்றுப் பத்துவரை எண்ணியது மறந்துபோகும். மூன்றாவது முறை மறந்த அன்று, கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு, இவர்களை ஒரு வழி பண்ணிவிடுவது என்று மாடியேறினாள்.

அவள் போன நேரம் நான்கு பேரும் தேநீருக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள்.

“வாங்கம்மா, வாங்க. புகார்தானே? உட்காருங்க, அஞ்சே நிமிஷம், வந்துடறோம்,” என்று தலைவர் நாற்காலியைக் காட்டிவிட்டு இறங்கிப் போனார்.

அந்த ஐந்து நிமிடம் இருபத்தைந்து நிமிடமாக நீண்டது. அவள் உட்கார்ந்திருந்தாள். கதவு சாத்தியிருந்தது. யாரும் அவளைக் கூப்பிடவில்லை.

அவள் வீட்டில் மொத்தம் ஒன்பது பேர். மாமனார், மாமியார், கணவர், கொழுந்தன், ஓர்ப்படி, இரண்டு வீட்டுப் பிள்ளைகள் என்று நிரம்பி வழிகிற மூன்று அறை. மாமியாருக்குக் காது மந்தம், அதனால் டிவி சத்தமாக. டிவி சத்தத்தில் கேட்காது என்று கொழுந்தன் போனை ஸ்பீக்கரில் போட்டுப் பேசுவான். அதற்கும் மேலே எல்லோரும் அவளைக் கூப்பிடுவார்கள்: அண்ணி, அக்கா, அம்மா, பெரியம்மா, இந்தாம்மா, ஏய் எங்க போன. குளியலறைக்குள் தாழ்போட்டுக்கொண்டாலும் கதவைத் தட்டி, “உள்ள இருக்கியா?” என்று கேட்பார் கணவர். இல்லாமல் எங்கே போவாள்?

இருபத்தைந்து நிமிடம் கழித்து நால்வரும் திரும்பி வந்தபோது அவள் எதற்காக வந்தோம் என்பதையே மறந்திருந்தாள்.

“இந்த ரூம் மத்த நாள்ல எப்படி இருக்கும்?” என்று கேட்டாள்.

“பூட்டித்தான் இருக்கும். முழு உறுப்பினருக்குத்தான் சாவி. அவங்க எப்ப வேணும்னாலும் வரலாம், போகலாம்,” என்றார் செயலாளர்.

“உறுப்பினர் ஆகணும்னா என்ன பண்ணணும்?”

நால்வரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சங்கம் தொடங்கிய ஆறு வருடத்தில் இப்படி ஒருவர் கேட்பது இதுதான் முதல் தடவை. ஆனால் விதிகள் தயாராக இருந்தன, தட்டச்சு செய்து, சட்டம் போட்டு, சுவரில். மூன்று தேர்வு. ஒன்று, தண்டவாளத்துக்கு அடியில் வரும் இருநூற்று நாற்பது ஸ்லீப்பர் கட்டைகளை ஒரே அளவில் சீவி, சாயம் ஏற்றி, வரிசை பிசகாமல் பதிக்க வேண்டும். இரண்டு, ஒரு வீட்டுக் கூரைக்கு எண்ணூறு ஓடுகளை ஒவ்வொன்றாக வெட்டி ஒட்ட வேண்டும். மூன்று, தேர்வுக்கென்றே வெறுமையாக விட்டிருந்த மூன்றடி நீளப் பாதைக்கு ஜல்லி போட வேண்டும். நிறுவனர்கள் நால்வருக்கும் இந்தத் தேர்வுகளிலிருந்து விலக்கு உண்டு. விதியை எழுதியதே அவர்கள்தான்.

“சாவி வேணும்னா இதையெல்லாம் பண்ணணும், அப்படித்தானே?”

“சாவி பெரிசில்லம்மா. ரயில் மேல பக்தி வேணும்,” என்றார் தலைவர்.

“இருக்கு சார்,” என்றாள். ரயிலில் அவள் பயணம் செய்தே எட்டு வருடம் ஆகியிருந்தது.

அன்றிலிருந்து ஞாயிறுதோறும் வேலை முடிந்து மாடியேறினாள். சாவி இல்லாதவர் உறுப்பினர்கள் இருக்கும்போதுதான் வேலை செய்யலாம் என்பது விதி. ஆகவே அவள் கட்டை சீவ, நால்வரும் சுற்றி நின்று எப்படிச் சீவ வேண்டும் என்று பேசினார்கள். வீட்டில் ஓர்ப்படி வேறு.

“எங்கக்கா கிளம்பிட்டீங்க?”

“சங்கத்துக்கு. அடுத்த மாசம் கல்லு போடற வேலை.”

“பொம்மை ரயிலுக்குக் கல்லு பொறுக்கப் போறீங்களா? நம்ம வீட்டு அரிசியில இல்லாத கல்லா?”

“அரிசியைப் பொறுக்கினா நீங்கல்லாம் பக்கத்துல உட்கார்ந்துப்பீங்க,” என்றாள். ஓர்ப்படி அதைப் பாசம் என்று எடுத்துக்கொண்டாள்.

கட்டைத் தேர்வில் நூற்றுக்கு நூறு. ஓட்டுத் தேர்வில் எண்ணூற்று ஓர் ஓடு வைத்திருந்தாள். உடைந்தால் மாற்ற ஒன்று உபரி. தலைவர் அதை மிகைச்செயல் என்று குறிப்பேட்டில் எழுதினார். அடுத்தது ஜல்லி.

பார்ப்பதற்கு இதில் ஒன்றுமே இல்லை. கடுகைவிடச் சின்னக் கல்லை ஸ்லீப்பர் கட்டைகளுக்கு இடையில் தூவி, தூரிகையால் தள்ளி, ஒரு கல்கூடக் கட்டைமேல் ஏறாமல், தண்டவாளத்தின் உள்பக்கத்தில் தங்காமல் ஒழுங்குபடுத்த வேண்டும். பிறகு பாத்திரம் கழுவும் சோப்பு ஒரு சொட்டுக் கலந்த தண்ணீரை மேலே பனிபோலத் தெளிக்க வேண்டும். அப்போதுதான் பசை உள்ளே இறங்கும். அதற்குப் பிறகு நீர்த்த பசையைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். சொட்டு பெரிதானால் கல் மிதந்து ஓடும், சிறிதானால் அடியில் பிடிக்காது. ஒரு சாண் தூரத்துக்கு ஒரு முழுக் காலை போய்விடும். செய்து முடித்த பிறகு யாரும் அதைப் பார்க்க மாட்டார்கள். எல்லோரும் ரயிலைத்தான் பார்ப்பார்கள். இந்த வேலையை ஆறு வருடம் முன்பு நிறுவனர்கள் நால்வரும் பங்கு போட்டுக்கொண்டு எப்படியோ முடித்தார்கள். அதற்குப் பிறகு அதைப் பற்றிப் பேசுவதில்லை.

சொட்டு விடுவது அவளுக்கு இருபது வருடப் பழக்கம். அவள் டிராப்பரைப் பிடித்த விதத்தைப் பார்த்ததும் வயர் பக்கத்தில் வந்து குனிந்தார்.

“அக்கா, கை நடுங்கவே நடுங்காதா?”

“கை நடுங்கினா, இல்லாத நோயெல்லாம் ஜனங்களுக்கு வந்துடும்பா.”

கல்லைத் தலைவரே கொடுத்தார். சங்கத்துக் கல். ஒரு பால்பவுடர் டப்பா நிறைய, ஏறக்குறைய இரண்டு கிலோ, வெளியே ‘முதல் தரம் — தலைவரின் நேரடித் தேர்வு’ என்று சீட்டு. எங்கோ ஓர் ஆற்றங்கரையில் முழங்கால் அளவு தண்ணீரில் இறங்கி அவரே அள்ளிச் சலித்தது. வேறு கல் பயன்படுத்தினால் தகுதி இழப்பு. சலித்துப் பழக இரண்டு வாரம் வீட்டுக்கு எடுத்துப் போகலாம் என்று அனுமதித்தார்.

அவள் வீட்டுக்கு எடுத்துப் போகவில்லை. கீழே பரிசோதனைக் கூடத்தில் வைத்துக்கொண்டு, மதிய இடைவேளையில், பழக்க தோஷத்தால் ஒரு சிட்டிகையை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தாள். சாம்பல் கற்களுக்கு நடுவே கன்னங்கரேல் என்று மினுமினுக்கிற சில கற்கள். திரவங்களைக் கலக்கப் போடும் சின்னக் காந்தத் துண்டு பக்கத்தில் கிடந்தது. அதைக் கிட்டே கொண்டுபோனாள். கறுப்புக் கற்கள் எழுந்து நின்றன, இன்னும் கொஞ்சம் கிட்டே போனதும் தாவி வந்து ஒட்டிக்கொண்டன.

ரயில் எஞ்சினுக்குள் மோட்டார், மோட்டாருக்குள் காந்தம். இது சங்கத்துக்கு வர ஆரம்பித்து மூன்று மாதமான அவளுக்கே தெரியும். தலைவரின் செல்ல எஞ்சினுக்கு ‘மகாராணி’ என்று பெயர். அது பதினொரு முறை பழுது பார்க்கப் போய்வந்திருந்தது. ஒவ்வொரு முறையும் தலைவர் மின்சாரத்தைத் திட்டுவார்.

செயலாளரைத் தனியாகப் பிடித்தாள். “சார், அந்தக் கல்லுல இரும்பு இருக்கு.”

செயலாளர் கதவுப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். “என்கிட்ட சொன்னதோட இருக்கட்டும்மா. அவர் கல்லைப் பத்திப் பேசினா அவர் பெண்டாட்டியைப் பத்திப் பேசினதைவிட மோசம். உங்களுக்குச் சாவி வேணுமா, வேண்டாமா?”

வேண்டும். அதுதானே எல்லாம். பேசாமல் அப்படியே போட்டிருக்கலாம், எஞ்சின் பன்னிரண்டாவது முறை போய்வரட்டும் என்று விட்டிருக்கலாம். ஆனால் கண்ணுக்குத் தெரிந்த அசுத்தத்தை எண்ணாமல் விடுவது அவள் கைக்கு வராது. ஒரு கரண்டி கல்லை வெள்ளைத் தாளில் பரப்பினாள். பிளாஸ்டிக் சுற்றிய காந்தத்தை அதன்மேல் மூன்று முறை இழுத்தாள். கறுப்பைத் தட்டிவிட்டு அடுத்த கரண்டி எடுத்தாள். ஒன்பது மதிய இடைவேளை. டப்பாவைக் காலி செய்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள்.

தேர்வு நாளன்று தலைவர் டை கட்டிக்கொண்டு வந்தார். செயலாளரின் சட்டைப் பையில் புதுச் சாவி ஒன்று, சிவப்புக் கயிறு கட்டி, வெளியே எட்டிப் பார்த்தது. அவள் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தலைவர் லென்ஸை எடுத்துக்கொண்டு மூன்றடியையும் ஊர்ந்து பார்த்தார். நாற்பது நிமிடம். கட்டைமேல் ஒரு கல் இல்லை. தண்டவாளத்தின் உள்பக்கம் துடைத்துவிட்டதுபோல் இருந்தது. வயர் நகத்தால் சுரண்டிப் பார்த்தார். ஒரு கல் பெயரவில்லை. “நம்ம ஜல்லியைவிட...” என்று ஆரம்பித்த மரத்தை மற்றவர்கள் இருமி நிறுத்தினார்கள்.

தலைவர் நிமிர்ந்து, இரண்டு அடி பின்னால் நகர்ந்து, தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

“வெளுத்திருக்கே.”

உண்மைதான். அறுபத்தோரு அடி அடர் சாம்பல். அவளுடைய மூன்றடி மட்டும் வெளிர் சாம்பல்.

“இது நம்ம கல்லு இல்ல. வெளிக்கல்லு. என் கல்லோட நிறம் எனக்குத் தெரியாதா? விதி பதினொண்ணு என்ன சொல்லுது செயலாளரே?”

“தகுதி இழப்பு,” என்றார் செயலாளர், தரையைப் பார்த்தபடி. சாவி சட்டைப் பைக்குள் இறங்கிவிட்டது.

அவள் கைப்பையைத் திறந்து, மூடி போட்ட சின்ன பிளாஸ்டிக் டப்பா ஒன்றை எடுத்தாள். பரிசோதனைக் கூடத்தில் எதற்குக் கொடுப்பார்களோ அந்த டப்பா. நால்வரும் ஓரடி பின்வாங்கினார்கள்.

“புதுசுதான் சார், பயப்படாதீங்க. இது உங்க கல்லுதான். உங்க டப்பாவுல இருந்ததுதான். நான் தனியா எடுத்தேன்.”

உள்ளே கறுப்புக் கல், முக்கால் டப்பா. அதை ஒரு தாளில் கொட்டி, நிலையத்தில் நின்றுகொண்டிருந்த மகாராணியைத் தூக்கி அதற்கு மேலே பிடித்தாள். கல் எழும்பியது. எஞ்சினின் அடிவயிற்றில் கொத்துக் கொத்தாக ஒட்டி, முன்பக்கம்வரை படர்ந்தது. மகாராணிக்கு மீசை முளைத்துவிட்டது.

“ஐயோ, பதினொரு தடவை,” என்றார் வயர் மெதுவாக.

“கல்லு கெட்டியா ஒட்டியிருந்தா மேல வராது சார். பழைய பாதையில சில இடத்துல பசை சரியா இறங்கல. அங்கிருந்துதான் உள்ள போகுது,” என்றாள். எந்த இடம், யார் பங்கு என்று சொல்லவில்லை. நால்வருமே வேறு திசையைப் பார்த்தார்கள்.

தலைவர் எஞ்சினை வாங்கினார். லென்ஸை வைத்து அதன் அடிவயிற்றைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். டை எஞ்சின் சக்கரத்தில் சிக்கியதுகூடத் தெரியவில்லை.

“டப்பா முழுக்கவா எடுத்தீங்க?”

“ஆமா சார்.”

“ஒவ்வொரு கரண்டியாவா?”

“நானூத்திப் பன்னிரண்டு கரண்டி.”

“எண்ணினீங்களா?”

“எண்ணாம எப்படி சார் பண்றது?”

முந்நூறு பேருக்குக் கண் வைத்தவரும், தொள்ளாயிரம் மரம் செய்தவரும், பதினேழு ஓட்டைச் சட்டைக்காரரும், ஆறு வருடமாக நடந்த சண்டையில் தாங்கள் மூவருமே தோற்றுப்போனதை ஒரே நேரத்தில் உணர்ந்தார்கள். அதில் அவர்களுக்கு வருத்தம் இல்லை என்பதுதான் அவர்களைப் பற்றிச் சொல்லவேண்டிய நல்ல விஷயம். மரம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வயர், “அக்கா!” என்று மட்டும் சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டார்.

தலைவர் தொண்டையைச் செருமினார். “இதை நான் அப்பவே சந்தேகப்பட்டேன்.”

“எப்ப சார்?” என்றார் வயர்.

“அப்பவே.”

ஆனாலும் அவர் செய்ததையும் சொல்ல வேண்டும். பால்பவுடர் டப்பாவில் ஒட்டியிருந்த தன் சீட்டைத் தானே நகத்தால் சுரண்டி எடுத்தார். முழுசாக வரவில்லை, ‘முதல்’ மட்டும் கிழிந்து வந்தது, மிச்சத்தையும் விடாமல் சுரண்டினார். பிறகு செயலாளரின் பைக்குள் தானே கைவிட்டுச் சாவியை எடுத்து அவளிடம் நீட்டினார்.

“அப்ப மத்த அறுபத்தோரு அடி?” என்று கேட்டார் மரம். கேட்டிருக்கக் கூடாது. நனைத்து, ஊறவைத்து, சுரண்டி, காந்தம் காட்டி, மறுபடி போட வேண்டும். ஓர் அடிக்கு இரண்டு வாரம். செயலாளருக்குத் திடீரென்று விடைத்தாள் திருத்தும் வேலை நினைவுக்கு வந்தது. வயருக்கு முதுகு.

“நானே பண்றேன்,” என்றாள்.

“எல்லாத்தையுமா?”

“தினமும் சாயங்காலம் நாலுலேருந்து ஆறு. யாரும் துணைக்கு வர வேண்டாம்.”

“தனியாவா?”

“தனியாத்தான் சார் பண்ணணும். பேசினா எண்ணிக்கை தப்பும்.”

தலைவரின் கண் கலங்கிவிட்டது. தியாகம் என்பது என்ன என்று இருபது நிமிடம் பேசினார். அவள் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டாள். அடக்கம் என்று நினைத்தார்கள். மனசுக்குள் வாரங்களைக் கூட்டிக்கொண்டிருந்தாள். இரண்டு வருடம் நாலு மாதம் வந்தது. சிரிப்பு வந்துவிடாமல் இருக்க உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

வீட்டில் செய்தியைச் சொன்னபோது கணவர் டிவி சத்தத்தைக் குறைத்தார். அதுவே அரிது. “பாவம், நீதான் கிடைச்சியா அவங்களுக்கு? முடியாதுன்னு சொல்லிடேன்.”

“வாக்கு கொடுத்துட்டேங்க,” என்றாள் சோகமாக. ஓர்ப்படி உச்சுக் கொட்டினாள்.

திங்கட்கிழமை மாலை நாலுக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது மூன்றாம் மாடிக்குப் போய்ச் சாவியைப் போட்டாள். பூட்டு சுலபமாகத் திறந்தது. உள்ளே மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. தலைவர் இரண்டு நாற்காலிகளை எதிரெதிராக இழுத்துப் போட்டு, கைக்குட்டையால் கண்ணை மூடி, அசந்து தூங்கிக்கொண்டிருந்தார். செயலாளர் பிற்பாடு சொன்னதிலிருந்து தெரிந்தது இது: தினமும் இரண்டு முதல் ஐந்து வரை பாதை ஆய்வு, தொந்தரவு செய்யக் கூடாது என்று அவர் வீட்டில் சொல்லி ஆறு வருடம் ஆகிறது. அவர் வீட்டில் பதினொரு பேர்.

அவள் கொஞ்ச நேரம் வாசலிலேயே நின்றாள். அவர் குறட்டை விடவில்லை. அவளைக் கூப்பிடவும் இல்லை. கதவைச் சத்தம் வராமல் சாத்திவிட்டு, செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, மறுகோடியில் குகைக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். முதல் அடிக்குத் தண்ணீர் தெளித்தாள். ஊறட்டும் என்று காத்திருக்கும்போது சுற்றிலும் பார்த்தாள்.

தலைவரின் பல் செட் சரக்கு ரயிலின் மூன்றாவது பெட்டியில் இருந்தது.